வந்தவருக்கெல்லாம் ஒரு வேலை

தெய்வங்களே ஒருவர் வீட்டுக்கு ஒருவர் விருந்தாளியாகப் போய்வருகிற ஊர் திருப்பரங்குன்றம். பங்குனிப் பெருவிழாவில் சுப்பிரமணிய சுவாமிக்கும் தெய்வானைக்கும் இங்கே திருக்கல்யாணம் நடக்கும்போது, பிள்ளையின் கல்யாணத்தைக் கண்ணாரக் காண மதுரையிலிருந்து மீனாட்சியம்மையும் சொக்கநாதரும் எழுந்தருளுகிறார்கள். பிள்ளையும் சந்திப்பு மண்டபம் வரையில் சென்று அவர்களை எதிர்கொண்டு அழைத்து வருகிறார். சித்திரையில் மதுரையில் மீனாட்சிக்கு மணக்கோலம் என்றால், தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்க இதே கோயிலிலிருந்து பவளக்கனிவாய்ப் பெருமாள் புறப்பட, முருகனும் தெய்வானையும் உடன் புறப்படுகிறார்கள். பெற்றோரின் கல்யாணத்துக்குப் பிள்ளை தன் மனைவியோடு போவது என்ன நியாயம் என்று குதர்க்கம் பேசுகிறவர்களுக்கு இவ்வூர்ப் பாட்டிமார் பதில் சொல்வதில்லை. பங்குனியில் வந்த பெற்றோர் அன்று இரவே ஊர் திரும்பிவிடுகிறார்கள், சித்திரையில் போன பிள்ளையோ சில நாள் தங்கிவிட்டே வருகிறார் என்பதை மட்டும் அவர்கள் கவனித்து வைத்திருக்கிறார்கள். "பெத்தவுக வந்தா ஒரு பொழுது, பிள்ளைக போனா ஒரு வாரம். எந்த வீட்டுலதான் அப்படி இல்ல?" என்பது அவர்களுடைய சித்தாந்தம்.

இத்தகைய ஊரில் கோடை என்பது பங்குனியில் தொடங்கி வைகாசி விசாகத்தில் முடிகிற நீண்டதொரு விருந்துக்காலமாக அமைந்திருப்பதில் ஆச்சரியமில்லை. பங்குனித் தேர் மலையைச் சுற்றிவந்து நிலை சேர்ந்த கொஞ்ச நாட்களில் பிள்ளைகளின் முழுப்பரீட்சை முடிகிறது. அதன் பின்னர் மதுரையில் சித்திரைத் திருவிழாவுக்குக் கொடியேறி, பட்டாபிஷேகம், திக்விஜயம், திருக்கல்யாணம், தேரோட்டம் என்று நாளுக்கு நாள் சம்பிரமம் வளர்ந்து, சித்ரா பௌர்ணமியன்று அழகர் வைகையில் இறங்குவதில் அது உச்சம் பெறுகிறது. மே 4-ஆம் தேதியை ஒட்டிச் சூரியன் பரணியின் மூன்றாம் பாதத்தில் புகும்போது அக்கினி நட்சத்திரம் பிறந்து, ரோகிணியின் முதல் பாதத்தை அவன் கடக்கிற 28-ஆம் தேதி வரையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் இந்தச் சமவெளியில் உஷ்ணமானி 40 டிகிரியைத் தொடுவதும் தாண்டுவதுமாக நிற்கிறது. உடல் நலத்தை உத்தேசித்தால் யாரும் யார் வீட்டுக்கும் போகக்கூடாத பருவம் இதுவே. ஆனால் எல்லோரும் எல்லோர் வீட்டுக்கும் போகிற பருவமும் இதுவாகவே இருக்கிறது.

போதாக்குறைக்குக் கல்யாணங்கள் வேறு. முருகன் தெய்வானையை மணந்த தலமென்பதனால், முகூர்த்த நாட்களில் இவ்வூரின் மண்டபங்கள் ஒவ்வொன்றிலும் மேளச்சத்தம் கேட்கிறது. சன்னதித் தெருவிலும் ரத வீதிகளிலும் மாலையும் கழுத்துமாக எதிர்ப்படுகிற தம்பதிகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நடப்பது உள்ளூர்வாசிகளுக்குப் பழகிப்போன சங்கதி. ஆகையால், வேறெந்த ஊரிலும் காணாத ஒரு விருந்தாளி இங்கே உண்டு. நம்மைப் பார்க்க அவர் வருவதில்லை; நமக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கல்யாணத்துக்கு வருகிறார். மண்டபத்தில் இடம் போதாமல், 'நம்ம ஒண்ணுவிட்ட மச்சான் வீடு இங்கதானே' என்ற ஞாபகம் வந்து, அதிகாலை நான்கு மணிக்குக் குளிக்க வெந்நீர் கேட்டுக் கதவைத் தட்டுகிறார். இந்த வெயிலில் வெந்நீரா என்று யாரும் கேட்பதில்லை. மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கிய 1876 முதலாக விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்துப் பந்துக்களுக்கு இவ்வூர் வழியில் விழுகிற ஊராகிவிட்டபடியால், அவரை உபசரிப்பதும் ஊர்க் கடமைகளில் ஒன்றாகவே ஆகிவிட்டது.

இப்படி வீடு நிறைந்து வழிகிற இந்தப் பருவத்தில்தான் வீட்டுக்குரிய பெரிய வேலைகளும் வரிசையாக வந்து நிற்கின்றன. வருஷத்துக்கு வேண்டிய வத்தல், வடகம், ஊறுகாய், புளி, மிளகாய்ப்பொடி, மெத்தைத் தையல், தளம் பூசுவது ஆகிய எல்லாவற்றுக்கும் இதுவே காலம். வெயில் இருப்பதனால் வேலை என்று ஒரு காரணம் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். வெயில் மட்டும் போதுமானால் இவ்வேலைகளை ஒண்டி ஆளாகவே ஒரு பெண் செய்துவிடலாமே! இவற்றில் பலவும் ஒரே நேரத்தில் பல கைகள் கூடினாலன்றி நடவாதவை. அந்தக் கைகளைக் கொண்டுவந்து சேர்ப்பது விருந்து. விருந்தினருக்கு வேலை கொடுப்பது அவமரியாதை என்று நகரத்து நாகரிகம் நினைக்கிறது. குன்றத்து வீடுகளில் வேலை கொடுக்காமல் உட்கார வைப்பதே அவமரியாதை. சம்பந்தி வீட்டார், முதல் வருஷத்து மாப்பிள்ளை, வட்டிக்குக் கடன் கொடுத்தவர் ஆகிய மூவருக்கு மாத்திரமே அதில் விலக்கு.

கூழ் வத்தலை எடுத்துக்கொள்வோம். முதல் நாள் ஊறவைத்து அரைத்த பச்சரிசி மாவை இரவில் புளிக்க விட்டு, பின்னிரவில் எழுந்து, பெரிய அண்டாவில் உப்பு நீரைக் கொதிக்க வைத்து, மாவைக் கரைத்து ஊற்றி, கட்டி தட்டாமல் கிளறிக்கொண்டே இருந்து, நனைத்த கையால் தொட்டால் ஒட்டாத பதம் வந்தவுடன் அரைத்த பச்சைமிளகாயும் சீரகமும் பெருங்காயமும் சேர்த்து இறக்க வேண்டும். இறக்கிய கூழ் ஆறி இறுகிவிட்டதோ, கரண்டியிலும் வழியாது, முறுக்கு உரலிலும் பிழியாது; மாவும் விறகும் தூக்கமும் ஒருங்கே வீண். ஆகவே வெயில் ஏறுமுன், சூடு ஆறுமுன், மொட்டை மாடியில் நனைத்துப் பிழிந்து விரித்த பழைய வேட்டிகளின் மேல் நாலு திசையிலும் நாலு பேர் குந்தி உட்கார்ந்து கரண்டி கரண்டியாக ஊற்றிக்கொண்டே பின்னோக்கி நகர வேண்டும். அண்டாவைத் தூக்கி மாடி ஏற இருவர், வேட்டியின் மூலைக்குக் கல் வைக்க ஒரு பிள்ளை, ஊற்றிய வட்டம் பெரிது சிறிதென்று குற்றம் சொல்ல ஒரு பெரியத்தை. அந்தப் பெரியத்தை ஒரு கரண்டி கூட ஊற்றமாட்டார்; ஆனால் அவர் இல்லாத வருஷத்தில் வத்தல் ஒரு சீராக வருவதில்லை.

பொழுது விடிந்தபின் காவல். காகத்துக்குக் கறுப்புக் குடையையும் கறுப்புத் துணியையும் கட்டிவைத்தால் போதும் என்பது சமவெளி ஊர்களின் அனுபவம். மலையடிவாரத்தில் குரங்கு என்றொரு பிராணியும் உண்டு. அதற்குக் குடையைக் கண்டு பயமில்லை, குடையையும் எடுத்துக்கொண்டு போகும். எனவே விடுமுறைக்கு அம்மாச்சி வீடு வந்த பேரப்பிள்ளைகளின் கையில் ஆளுக்கொரு கம்பைக் கொடுத்து மாடிப்படி நிழலில் உட்கார்த்திவைப்பார்கள். காவலுக்குக் கூலி, பாதி காய்ந்த வத்தல். மேலே உலர்ந்தும் உள்ளே கூழாகவும் இருக்கிற அந்தப் பதத்துக்கு ஈடான தின்பண்டம் எந்த மிட்டாய்க்கடையிலும் விற்கப்படுவதில்லை என்பதை மதுரை மாவட்டத்துப் பிள்ளைகள் அனைவரும் ஒரு வாக்காகச் சொல்வார்கள். மாலையில் வேட்டியைப் புரட்டிப் பின்புறம் நீர் தெளித்து வத்தலை உரித்தெடுப்பதும், மறுநாள் முறங்களில் பரப்பி வைப்பதும், கையிலெடுத்தால் கலகலவென்று சத்தம் கேட்கும் வரை விடாமல் காயவைப்பதும் அதன் பின் நடக்கும். இதனிடையே கோடை மழை இருக்கிறது. பகலெல்லாம் அனலாக அடித்துவிட்டுச் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் மேகம் திரண்டு இடி முழங்கினால், வீட்டிலுள்ள அத்தனை பேரும், விலக்குப் பெற்ற மாப்பிள்ளை உட்பட, மாடிப்படியில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு ஏறுவதைக் காணலாம். ஒரு குடும்பத்தில் யார் யாரோடு பேசாமல் இருந்தார்கள் என்பது அந்த அரை மணி நேரத்துக்கு ரத்தாகிவிடுகிறது.

வெங்காய வடகம் வேறு ஜாதி. சின்ன வெங்காயமும் பூண்டும் உளுந்தும் கடுகும் சீரகமும் மஞ்சளும் இடித்துச் சேர்த்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, பகலில் காயவைத்து, மறுபடி உடைத்துப் பிசைந்து உருட்டி, மீண்டும் காயவைத்து, இப்படிப் பல நாள் பாடுபட்டால்தான் அது வருஷம் முழுவதும் குழம்பு தாளிக்க உதவும். மோர்மிளகாயும் அப்படியே: பகலெல்லாம் வெயிலில், இரவெல்லாம் உப்பிட்ட தயிரில், தயிர் முழுவதும் மிளகாய்க்குள் போய்ச் சேரும் வரையில். மதுரைக்கும் விருதுநகருக்கும் இடைப்பட்ட மானாவாரிக் காடுகளில் தானாகப் படர்ந்து காய்க்கிற மிதுக்கங்காயை நறுக்கி உப்பிலும் மோரிலும் போட்டு உலர்த்துகிற மிதுக்க வத்தலைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம். கசப்பும் உப்பும் சேர்ந்த அந்த ருசி, ரசஞ்சோற்றுக்கு அதைத் தொட்டு உண்ணாதவர்களுக்கு விளங்காது. நத்தம் பக்கத்து மாந்தோப்புகளிலிருந்து வருகிற மாவடுவை விளக்கெண்ணெய் புரட்டி உப்பிட்டு ஜாடியில் குலுக்கி வைப்பதும் இதே காலம்.

புளி மாத்திரம் மத்தியான வேலை. தையிலிருந்து பங்குனி வரை உலுக்கிய புதுப்புளி மூட்டையாக வந்து இறங்கியவுடன், ஓடு நீக்கி, நார் உரித்து, கொட்டை எடுத்து, கல்லுப்பு இட்டுப் பானையில் அடைக்க வேண்டும். வெயிலில் வெளியே தலை காட்ட முடியாத பன்னிரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடையே கூடத்துச் சிமெண்டுத் தரையில் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு அரிவாள்மணையும் முன்னால் ஒரு சுளகுமாக இந்த வேலையைச் செய்கிற பெண்கள் பேசாத விஷயமில்லை. எந்தப் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள், எந்தப் பங்காளி பாகப்பிரிவினை கேட்கிறான், யார் நகை யாருடைய பெயரில் அடகில் இருக்கிறது என்பவையெல்லாம் அந்த வட்டத்தில்தான் முதன்முதல் வெளிப்பட்டு, ஊரில் பரவுகின்றன. குடும்ப வக்கீல்கள் இவ்வட்டத்தில் ஒரு மத்தியானம் உட்கார்ந்தால் பல வருஷத்து வழக்குகள் சீக்கிரம் முடியும் என்பது என் அபிப்பிராயம். ஆனால் ஆண்களைக் கண்டால் பேச்சு மழையைப் பற்றி மாறிவிடும்.

ஆண்களுக்கும் வேலை இல்லாமல் இல்லை. மரச்சட்டங்களின் மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்புக் காரை இட்ட மெட்ராஸ் தளம் இன்னும் பழைய தெருக்களில் மிச்சமிருக்கிறது. கோடையில் அதில் விரிசல்கள் தெளிவாகத் தெரியும். ஐப்பசி மழைக்கு முன் அவற்றை அடைத்தாக வேண்டும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரில் சுண்ணாம்பைக் குழைத்து விரிசல்களில் ஏற்றுகிற கொத்தனார்கள் அருகிவிட்டார்கள் என்றாலும், தளத்தின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு பூசுகிற வழக்கம் போகவில்லை. வெள்ளைப் பரப்பு வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் கீழே உள்ள அறையில் அனல் தணிகிறது. இதையே இப்போது பெரிய கம்பெனிகள் டப்பாவில் அடைத்து, குளிர்தளப் பூச்சு என்று பெயரிட்டு, பல மடங்கு விலைக்கு விற்கின்றன. ஏணியில் ஏறி மட்டை பிடிப்பது தாய்மாமனின் உத்தியோகம். கீழே நின்று வாளி எடுத்துக் கொடுப்பது மருமக்கள். மாமா ஏணியிலிருந்து இறங்கும்போது அவர் தலையும் மீசையும் நரைத்திருப்பதைக் கண்டு பிள்ளைகள் சிரிப்பதற்காகவே அவர் தலையில் துண்டு கட்டுவதில்லை என்று சொல்வார்கள்.

இலவம் பஞ்சும் இந்தப் பருவத்தில்தான் வெடிக்கிறது. போடிநாயக்கனூர்ப் பக்கத்து மலையடிவாரங்களிலிருந்து பஞ்சு வந்து சேர, போன வருஷத்துத் தலையணைகளையும் மெத்தைகளையும் பிரித்து வெயிலில் கொட்டிக் கம்பால் அடித்து, குறைந்ததற்குப் புதுப்பஞ்சு சேர்த்துத் தைக்கிறார்கள். இத்தனை விருந்தாளிகள் வந்திருக்கும்போதா படுக்கைகளைப் பிரிப்பது என்று கேட்கலாம். இந்த மாதங்களில் படுக்கை யாருக்கு வேண்டியிருக்கிறது? சூரியன் சாய்ந்ததும் மொட்டை மாடியில் வாளி வாளியாகத் தண்ணீர் தெளித்து, அது ஆவியாகிப் போனபின் மறுபடி தெளித்து, வரிசையாகக் கோரைப்பாய்களை விரித்துவிடுகிறார்கள். பகலெல்லாம் வெயிலைக் குடித்த குன்று, நடுநிசி வரையில் அந்தச் சூட்டை ஊரின்மேல் விட்டுக்கொண்டே இருக்கிறது. பின்னிரவில்தான் கொஞ்சம் காற்று. அதற்குள் கூழ் கிண்ட எழுப்பிவிடுவார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். விருந்தோம்பலைப் பற்றித் தமிழில் உருக்கமாக எழுதியவர்கள் பெரும்பாலும் இலைக்கு முன்னால் உட்கார்ந்தவர்களே தவிர, அடுப்புக்கு முன்னால் நின்றவர்கள் அல்லர். பத்துப் பேர் கூடி வத்தல் ஊற்றியது உண்மை. அந்தப் பத்துப் பேருக்கும் காலையில் இட்லியும், பதினோரு மணிக்கு நீர்மோரும், மத்தியானச் சாப்பாடும், சாயங்காலக் காபியும், இரவுக்குத் தோசையும் யார் செய்தார்கள் என்ற கணக்கில் மருமகள்களின் பெயர் மாத்திரமே வரும். அதைவிடக் கொடியது தண்ணீர். தென்கால் கண்மாயும் நிலையூர்க் கண்மாயும் வற்றி, வீட்டுக் கிணறும் அடிமண் காட்டுகிற சித்திரை வைகாசியில், ஒரு விருந்தாளி என்றால் குளிக்கவும் துவைக்கவும் குடிக்கவும் எத்தனை குடம் என்ற கணிதம் வந்தவரை வாசலில் "வாங்க, வாங்க" என்று வரவேற்கும்போதே அந்த வீட்டுப் பெண்ணின் மனத்தில் ஓடுகிறது. லாரித் தண்ணீருக்குப் பிளாஸ்டிக் குடங்களை வரிசை வைத்துக் காத்துக் கிடந்தவர்கள், விருந்து வருகிறதென்ற செய்தியைச் சந்தோஷம் குன்றாத முகத்தோடு கேட்டார்கள் என்றால், அதைப் பண்பாடு என்று புகழ்ந்துவிட்டுப் போவது எளிது. அவர்கள் கையிலிருந்து ஒரு குடத்தை வாங்கிக்கொள்ள எழுந்த ஆண் விருந்தாளிகள் சிலரே. அந்தச் சிலருடைய பெயரைப் பல வருஷம் கழித்தும் இவ்வூர்ப் பெண்கள் மறக்காமல் சொல்கிறார்கள்.

மல்லிகையில் மட்டும் கோடைக்குக் கஞ்சத்தனம் கிடையாது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, மார்கழி தை மாதங்களில் கிலோ ஆயிரக்கணக்கில் விலை ஏறி, ஏழை வீட்டுப் பெண் எட்டிப் பார்க்க முடியாத வஸ்துவாகிவிடுகிறது; பங்குனி முதல் ஆனி வரையில் செடி முழுவதும் மொட்டுவிடுவதால் விலை சரிந்து, முழம் கணக்கை விட்டுவிட்டுப் படி கணக்கில் மொட்டை வாங்கி வந்து வீட்டிலேயே கட்டுகிறார்கள். சாயங்காலம் திண்ணையில் வாழைநார் கிழித்துக்கொண்டு உட்காரும்போது, சென்னையில் பிறந்து வளர்ந்த பேத்திக்கு இரண்டு இரண்டு மொட்டாக எதிரெதிரே வைத்து முடிச்சுப் போடச் சொல்லித் தருகிறார் அப்பத்தா. முதல் நாள் கட்டிய சரம் கொத்துக் கொத்தாகக் கழன்று விழும். அதையும் சாமி படத்துக்குப் போடுவார்களே தவிர எறியமாட்டார்கள்.

மீனாட்சி கல்யாணத்தன்று மதுரைக்குப் போக முடியாத பெண்கள், கூட்டத்தையும் வெயிலையும் அஞ்சி, இப்போது தொலைக்காட்சியின் முன்னால் தாம்பாளத்தில் மஞ்சளும் குங்குமமும் புதுச்சரடும் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். அங்கே மங்கலநாண் பூட்டுகிற அதே நிமிஷத்தில் இங்கே அத்தை, சித்தி, மதினி, மாமியார் எல்லோரும் ஒருவருக்கொருவர் உதவித் தாலிச்சரடு மாற்றிக்கொள்கிறார்கள். நேரில் போனவர்கள் கோயிலில் மொய் எழுதிவிட்டு வருகிறார்கள். அம்மனின் கல்யாணமானாலும் வெறுங்கையோடு போகலாகாது என்பது மதுரை நாட்டு மரியாதை.

வைகாசி விசாகம் வந்தால் ஊரே ஒரு வீடாகிவிடுகிறது. வசந்த உற்சவத்தின் நிறைவாகச் சண்முகப் பெருமானுக்குப் பாலாபிஷேகம் நடக்கும் அந்த நாளில், மதுரையிலிருந்தும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்தும் பாற்குடமும் காவடியும் சுமந்து ஆயிரக்கணக்கானோர் வெறுங்காலோடு நடந்து வருகிறார்கள். தார்ச்சாலை கொதிக்கிறது. வாசலில் நின்று அவர்கள் காலடியில் தண்ணீர் ஊற்றுவது பிள்ளைகளின் பொறுப்பு. குடம் குடமாக மோரும் பானகமும் கரைத்து டம்ளரில் மொண்டு கொடுப்பது பெரியவர்களின் பொறுப்பு. இரண்டு மாதமாகத் தண்ணீருக்குக் கணக்குப் பார்த்த அதே பெண்கள், அன்று மாத்திரம் கணக்குப் பார்க்காமல் ஊற்றுகிறார்கள். மறுநாள் சுவாமி மொட்டையரசு திடலுக்கு எழுந்தருள, புளியோதரையைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே குடும்பங்களும் போகின்றன.

இவையெல்லாம் இன்றும் அப்படியே நடக்கின்றன என்று சொன்னால் அது பொய்யாகும். திருநகரிலும் ஹார்விபட்டியைச் சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன. அவற்றின் மொட்டை மாடிக்குப் பூட்டு இருக்கிறது, சாவி சங்கத்துச் செயலாளரிடம் இருக்கிறது. மே மாதத்திலும் பிள்ளைகளுக்கு நுழைவுத் தேர்வு வகுப்பு. கல்யாணத்துக்கு வருகிறவர்கள் லாட்ஜில் அறை எடுத்துக்கொண்டு, போகிற வழியில் காரை நிறுத்தாமலே கையை ஆட்டிவிட்டுப் போகிறார்கள். வத்தலும் வடகமும் மகளிர் சுய உதவிக் குழுக்களின் பாக்கெட்டுகளில் நன்றாகவே கிடைக்கின்றன; பின்னிரவில் எழுந்து அண்டா கிண்டிய கைகளுக்கு அதனால் ஓய்வு கிடைத்ததென்றால் அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பெரியத்தைகளுக்கு வேலை போய்விட்டது. குற்றம் சொல்ல வட்டம் எதுவும் இல்லாமல், அவர்கள் சோபாவில் உட்கார்ந்து தொலைக்காட்சியைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். உறவினர் வீட்டுக்கு வந்த பிள்ளைகளுக்கும், எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல், அந்த வீட்டின் வைஃபை எண் ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு திரும்ப நேர்கிறது.

இருந்தும், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின வாரத்தில் திருப்பரங்குன்றம் ரயில் நிலையத்தில் சற்று நேரம் நின்று பார்த்தால், பழைய கோடை முற்றிலும் போய்விடவில்லை என்பது விளங்கும். வந்தபோது இரண்டு பையோடு வந்தவர்கள் ஆறு பையோடு ஏறுகிறார்கள். வத்தல் தகர டின்னில், வடகம் துணி முடிச்சில், புளி வாழைச்சருகில். இடையே மதினிக்கென்று எடுத்த சுங்குடிச் சேலை ஒன்று, பஞ்சு உறுத்தாமல் தைத்த தலையணை ஒன்று, கழுத்துவரை நிறைந்த மாவடு ஜாடி ஒன்று. ரயில் நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்கிற அம்மாச்சி, "உடம்பப் பாத்துக்க" என்று சொல்வதற்கு முன்பாக, "ஜாடி பெரியவுக காலத்துச் சாமான், அடுத்த பங்குனிக்கு மறக்காம எடுத்துட்டு வா, ஒன் மாமியா வேணும்னு கேட்டாலும் குடுத்துடாத" என்று உரத்த குரலில் சொல்லிவிடுகிறார். எதிர் இருக்கையில் மாமியாரே உட்கார்ந்திருக்கிறார் என்பதை அவர் கவனிக்கவில்லை என்று நான் நினைக்கவில்லை.